நிரல் நூலகங்கள் வளர்ந்த கதை

சென்ற ஆண்டு முதுகலை இயற்பியல் மாணவி ஒருவர் தம் திட்டக் கட்டுரைக்காக ஒரு பழைய நிரலைக் கொண்டுவந்தார். அணுக்கருவின்மீது மோதும் நியூட்ரான்கள் எந்தெந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று கணக்கிடும் நிரல் அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவர் ஃபார்ட்ரான் மொழியில் எழுதியது. அவர் எழுதிய மூல வடிவம் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. எந்திரம் நேரடியாக இயக்கக்கூடிய வடிவில் ஒரு கோப்பு மட்டும் குறுந்தகடு ஒன்றில் எஞ்சியிருந்தது. ஆய்வுக்கூடத்துப் புதிய லினக்ஸ் கணிப்பொறியில் அதை இயக்கியபோது ஒரே ஒரு வரி பதிலாக வந்தது: லிப்ஜிஃபார்ட்ரான்.எஸ்ஓ.3 என்னும் நூலகக் கோப்பைத் திறக்க இயலவில்லை.

தேடிப் பார்த்தோம். அதே பெயரில் 5 என்று முடியும் கோப்பு இருந்தது, 3 இல்லை. "சார், இருக்கிற 5-க்கே 3-னு இன்னொரு பேரு வெச்சுடலாமா? சீனியர்ஸ் அப்படித்தான் பண்ணுவாங்களாம்" என்றார் மாணவி. செய்து பாரம்மா என்றேன். இம்முறை கோப்பு திறந்தது. ஆனால் நிரல் ஓர் அடிகூட நகராமல் நின்றுவிட்டது. 'இந்நூலகத்தில் ஜிஃபார்ட்ரான் 1.0 என்னும் பதிப்பு இல்லை' என்று புதிய செய்தி. மாணவிக்கு எரிச்சல், எனக்கோ நிம்மதி. அந்த நிம்மதிக்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலான ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்கள் கிளார்க் அட்டவணையை மறந்திருக்க மாட்டார்கள். மடக்கை, சைன், கொசைன் மதிப்புகள் வேண்டும்போதெல்லாம் அதைத்தான் புரட்டுவோம். முப்பது பேர் உள்ள வகுப்பில் அதைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பக்கங்களைப் படியெடுத்துத் தம் நோட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம். அல்லது மேசைமேல் ஒரே புத்தகத்தை வைத்துவிட்டு, 'மடக்கைக்கு மேசைப் புத்தகத்தைப் பார்க்க' என்று நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். முதல் வழியில் தாள் வீணாகிறது. அட்டவணையில் ஓர் அச்சுப்பிழை தெரியவந்தால் முப்பது நோட்டுகளையும் திருத்த வேண்டும். இரண்டாவது வழியில் சிக்கனம் உண்டு, திருத்தமும் எளிது. ஆனால் ஒருநாள் யாரோ அதே அட்டையுள்ள வேறொரு புத்தகத்தை, பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கைக்குப் பதிலாக இயல்மடக்கை தரும் புத்தகத்தை, மேசைமேல் வைத்துவிட்டால் என்ன ஆகும்? 2-இன் மடக்கை 0.3010 என்பது 0.6931 ஆகிவிடும். எவருக்கும் ஐயம் எழாது. விடைத்தாளில் எண் இருக்கும். அது தவறான எண்ணாக இருக்கும்.

கணிப்பொறி நிரல்களுக்கும் இதே நிலைதான். வர்க்கமூலம் காண்பது, கோப்பைத் திறப்பது, திரையில் எழுதுவது போன்ற பொது வேலைகளைச் செய்யும் துணைநிரல்களின் தொகுப்பை நூலகம் என்கிறோம். அதைப் படியெடுத்து நிரலோடு ஒட்டிவிடுவது நிலை இணைப்பு. ஒட்டாமல் பெயரை மட்டும் குறித்துவைத்து, இயங்கும் நேரத்தில் தேடிச் சேர்ப்பது இயங்குநிலை இணைப்பு. இப்படிப் பல நிரல்கள் சேர்ந்து பயன்படுத்தும் நூலகமே பகிர்வு நூலகம்.

காகித நாடா அலமாரி

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடத்தில் 1949 மே 6 அன்று எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதல் நிரலை இயக்கி, வர்க்க எண்களின் அட்டவணை ஒன்றை அச்சிட்டது. மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எந்திரம் அது. பாதரசம் நிரப்பிய குழாய்களுக்குள் ஒலித்துடிப்புகளாகச் சுற்றிச்சுற்றி வருவதே அதன் நினைவகம். நிரலைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்தித்தான் உள்ளே செலுத்த வேண்டும்.

எந்திரம் இயங்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஓர் உண்மை வில்க்ஸுக்குப் புலப்பட்டது: பிழையின்றி நிரல் எழுதுவது மனிதர்க்கு மிகக் கடினம். இயற்பியலார் நன்கறிந்த ஏரி சமன்பாட்டுக்கு, வானவில்லின் ஒளிச்செறிவை ஆராய்ந்தபோது பிறந்த சமன்பாடு அது, அவர் எழுதிய நிரலின் முதற்படி நாடா ஒன்று பிற்காலத்தில் கிடைத்தது. 126 வரிகளில் ஏறத்தாழ 20 பிழைகள்! அப்படியானால் ஒருமுறை எழுதிச் சரிபார்த்த துணைநிரலை மறுபடி எழுதாமல் இருப்பதே புத்திசாலித்தனம் அல்லவா? சரிபார்த்த துணைநிரல்களைத் தனித்தனி நாடாக்களில் குத்தி ஓர் அலமாரியில் அடுக்கிவைத்தனர். 1951-க்குள் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. வேண்டிய நாடாவை எடுத்து, படியெடுக்கும் கருவியில் வைத்து, தம் நிரல் நாடாவின் தொடர்ச்சியாக அதன் துளைகளை மீண்டும் குத்திக்கொண்டு, மூல நாடாவை அலமாரிக்கே திருப்பிவிடுவர். நிலை இணைப்பு என்று நாம் சொல்வதை அவர்கள் கையாலேயே செய்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துணைநிரல் நினைவகத்தில் எந்த இடத்தில் அமரும் என்பது நிரலுக்கு நிரல் மாறும். அதன் உள்ளே 'எட்டாம் அறையில் உள்ள எண்ணை எடு' என்று எழுதியிருந்தால், அது நூறாம் அறையிலிருந்து தொடங்கும்போது பொருந்தாது. அப்போது இருபத்திரண்டு வயது ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் இதற்கு அழகான தீர்வு கண்டார். துணைநிரலுக்குள் எல்லா முகவரிகளும் அதன் தொடக்கத்திலிருந்தே எண்ணப்படும். நாடாவைப் படிக்கும்போதே, தொடக்க இடத்தின் எண்ணை எந்திரம் அவற்றோடு கூட்டிக்கொள்ளும். நாடாவைப் படிக்க எந்திரத்தில் நிரந்தரமாகப் பொதிந்திருந்த தொடக்க ஆணைகள் முதலில் 31. வீலர் அவற்றை 41 ஆக்கி இந்த வேலையையும் அவற்றுக்குள்ளேயே அடக்கிவிட்டார். இன்றைய இணைப்பு நிரல்கள் லட்சக்கணக்கான வரிகளைக் கொண்டவை. ஆனால் அவற்றின் நடுவில் இருப்பது இந்தக் கூட்டல்தான்.

அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் அடுத்த அடியை எடுத்து வைத்தார். யூனிவாக் எந்திரத்துக்காக 1951-52இல் அவர் உருவாக்கிய ஏ-0 என்னும் நிரல், காந்த நாடாவில் இருந்த துணைநிரல்களை அழைப்பு எண்ணைக் கொண்டு தானே தேடி எடுத்துக் கோத்துக் கொடுத்தது. துணைநிரல்களைத் திரட்டித் தொகுப்பதால் அதற்குக் கம்பைலர், அதாவது தொகுப்பி, என்று பெயரிட்டார். இங்கு ஒரு வேடிக்கை. இன்று நாம் கம்பைலர் என்பது மனிதர் எழுதிய மொழியை எந்திர மொழிக்கு மாற்றும் நிரலை. ஹாப்பரின் கம்பைலர் செய்த வேலையோ இன்று லிங்கர், அதாவது இணைப்பி, செய்யும் வேலை. பெயர் இடம்மாறிவிட்டது. மாணவர்கள் இணைப்பியின் புகாரைப் பார்த்துவிட்டு "கம்பைல் ஆகலை சார்" என்று வந்து நிற்பதற்கு இந்தப் பழைய குழப்பத்தையே காரணம் காட்டலாம்!

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபார்ட்ரான் 1957-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு நிரலின் பகுதிகளைத் தனித்தனியே மொழிபெயர்த்துப் பிறகு சேர்க்க வழி பிறந்தது. மொழிபெயர்ப்பு ஒரு வேலை, இணைப்பு வேறொரு வேலை என்ற பாகுபாடு அதன்பின் நிலைத்துவிட்டது.

இணைப்பைத் தள்ளிப்போட்டவர்கள்

இணைக்கும் வேலையை நிரல் இயங்கும் நேரம்வரை ஒத்திவைத்தால் என்ன? 1960-களின் நடுவில் எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் திட்டத்தினர் இதைச் செய்து காட்டினர். மல்டிக்ஸில் ஒரு நிரல் வேறொரு துணைநிரலை முதன்முறை அழைக்கும்போதுதான் இணைப்பே நடைபெறும். அந்தத் துணைநிரலை எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதற்குத் தேடல் விதிகள் என்ற பட்டியலும் இருந்தது. ஒரே படி நினைவகத்தில் இருக்க, பலர் அதைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் மல்டிக்ஸ் வளர மிகுந்த காலம் பிடித்தது. பெல் ஆய்வுக்கூடம் 1969-இல் விலகிக்கொண்டது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் சிறிய எந்திரம் ஒன்றில் யூனிக்ஸை எழுதினார்கள். எளிமையே அவர்கள் நோக்கம். ஆகவே இயங்குநிலை இணைப்பைக் கைவிட்டுப் பழையபடி ஒட்டும் முறைக்கே திரும்பினர். நிரல்கள் சிறியவையாக இருந்தவரை இதில் குறையொன்றுமில்லை. 1980-களில் சன்னல்களும் படங்களும் திரைக்கு வந்தபின் நிலைமை மாறியது. திரையில் ஒரு கடிகாரத்தைக் காட்டும் சிறு நிரல்கூடச் சன்னல் நூலகம் முழுவதையும் சுமக்க வேண்டியதாயிற்று. அத்தகைய பத்து நிரல்கள் இயங்கினால் வட்டிலும் நினைவகத்திலும் பத்துப் படிகள். சன் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4.0, யூனிக்ஸ் உலகுக்குப் பகிர்வு நூலகங்களை முறையாகக் கொண்டுவந்தது. அவ்வழியில் வளர்ந்த யூனிக்ஸ் வகைகள் எல்ஃப் என்னும் கோப்பு அமைப்பை வகுத்தன.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டார். அதன் முதல் பகிர்வு நூலகங்கள் சற்றுக் கரடுமுரடானவை. ஒவ்வொரு நூலகத்துக்கும் நினைவகத்தில் ஒரு நிலையான முகவரி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. இரண்டு நூலகங்கள் ஒரே இடத்தைக் கேட்டுவிடாமல் பட்டியல் போட்டுக் காத்துவர வேண்டும். பந்தியில் ஒவ்வொரு விருந்தினருக்கும் இருக்கை எண் எழுதிவைப்பது போன்ற வேலை. நூலகம் வளர்ந்து இடம் போதாமல் போனால் பெருந்தொல்லை. வீலர் 1949-இலேயே தீர்த்த சிக்கலை லினக்ஸார் மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டனர் என்றுகூடச் சொல்லலாம். 1995-இல் லினக்ஸ் 1.2 எல்ஃப் அமைப்பை ஏற்றபின் இத்தொல்லை நீங்கியது. எங்கே அமர்ந்தாலும் இயங்கும்படி நூலகங்கள் எழுதப்படலாயின.

இரண்டு தேர்வுகள்

இப்போது லினக்ஸில் நூலகம் தேர்ந்தெடுக்கப்படும் விதத்தைப் பார்ப்போம். தேர்வு ஒருமுறை நடப்பதில்லை, இருமுறை நடக்கிறது. இரண்டு தேர்வுகளுக்கும் இடையே ஒரு நொடியும் இருக்கலாம், பத்தாண்டும் இருக்கலாம்.

முதல் தேர்வு நிரல் உருவாகும்போது. கணித நூலகம் வேண்டுமெனில் கட்டளையில் அதன் சுருக்கப் பெயராகிய 'எம்' என்ற ஒற்றை எழுத்தைத் தருகிறோம். இணைப்பி அதன் முன்னே 'லிப்' என்று சேர்த்துக்கொண்டு, தனக்குச் சொல்லப்பட்ட கோப்பகங்களில் வரிசையாகத் தேடும். ஒவ்வொரு கோப்பகத்திலும் முதலில் 'எஸ்ஓ' என்று முடியும் பகிர்வு நூலகத்தைப் பார்க்கும். அது இல்லையென்றால் 'ஏ' என்று முடியும் ஒட்டு நூலகத்தை எடுக்கும். கண்டதும் தேடலை நிறுத்திவிடும். முந்தைய கோப்பகத்தில் ஒட்டு நூலகம் மட்டும் இருந்தால், அடுத்ததில் பகிர்வு நூலகம் இருப்பதை அது எட்டியும் பாராது. நிரல் ஏன் இவ்வளவு பெருத்துவிட்டது என்று மாணவர்கள் வியப்பது சில வேளை இதனால்தான்.

பகிர்வு நூலகம் கிடைத்ததும் இணைப்பி அதைத் திறந்து, வேண்டிய துணைநிரல்கள் உள்ளே இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறது. ஆனால் ஒன்றையும் படியெடுப்பதில்லை. நூலகத்தின் உள்ளே பொறிக்கப்பட்டிருக்கும் முழுப்பெயரை மட்டும் நிரலின் 'தேவை'ப் பட்டியலில் எழுதிவிடுகிறது. லிப்ஜிஃபார்ட்ரான்.எஸ்ஓ.3 என்ற பெயர் எங்கள் குறுந்தகட்டுக் கோப்புக்குள் வந்தது இவ்வாறே. கடைசியிலுள்ள எண்ணைக் கவனியுங்கள். நூலகத்தார் பிழைகளைத் திருத்தலாம், வேகத்தைக் கூட்டலாம், புதிய துணைநிரல்களைச் சேர்க்கலாம், எண் மாறாது. பழைய நிரல்களுக்குப் பொருந்தாத மாற்றம் எதையேனும் செய்தால் எண்ணை உயர்த்தியாக வேண்டும். இது எந்திரம் போட்ட விதி அல்ல. நூலகத்தை எழுதுவோர் கொடுக்கும் வாக்குறுதி.

இரண்டாம் தேர்வு நிரல் இயங்கும்போது. ஏற்றி என்னும் சிறு நிரல் முதலில் எழுந்து, தேவைப் பட்டியலைப் படிக்கிறது. நிரலுக்குள்ளேயே ஏதேனும் கோப்பகம் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கிறது. பயனர் எல்டி-லைப்ரரி-பாத் என்னும் மாறியில் கோப்பகம் ஏதும் தந்திருந்தால் அங்கே தேடுகிறது. பின்னர் முன்கூட்டியே தொகுத்து வைத்த அட்டவணை ஒன்றையும், கடைசியாக வழக்கமான நூலகக் கோப்பகங்களையும் பார்க்கிறது. மல்டிக்ஸின் தேடல் விதிகளை நினைவூட்டும் முறைதான். இவ்வளவும் நாம் கட்டளையைத் தட்டி முடித்த கண்ணிமைப்பொழுதில் நடந்துவிடுகிறது.

ஒரு நூலகத்தில் ஆயிரக்கணக்கான துணைநிரல்கள் இருக்க, ஒன்று மாறியதற்காக முழு நூலகத்தின் எண்ணையும் உயர்த்தினால் என்ன ஆகும்? உலகிலுள்ள நிரல்கள் அனைத்தையும் மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும். லினக்ஸின் அடிப்படை நூலகம் 1990-களில் 4, 5, 6 என்று தாவியபோது அந்தத் துன்பத்தை அனைவரும் பட்டனர். 1997-இல் வந்த 6-ஆம் எண்ணோடு அந்தத் தாவல் நின்றது. இன்றும் அதே 6 தான். அதைச் சாதித்தது ஒவ்வொரு துணைநிரலுக்கும் தனித்தனியே பதிப்பு முத்திரை இடும் முறை. சன் நிறுவனத்தாரின் கருத்தை லினக்ஸார் மேலும் விரித்தனர்.

இதன் பயனை விளக்க ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. நினைவகத்தின் ஒரு பகுதியை வேறிடத்தில் படியெடுக்கும் மெம்காப்பி என்றொரு துணைநிரல் இருக்கிறது. மூலப் பகுதியும் படிப் பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று படியக்கூடாது என்பது அதன் நிபந்தனை. படிந்தால் விளைவுக்குப் பொறுப்பில்லை. ஆனால் அது முன்னிருந்து பின்னாகப் படியெடுத்து வந்தவரை, சில நிரல்கள் நிபந்தனையை மீறியும் தப்பித்துக்கொண்டிருந்தன. 2010-இல் சில புதிய இன்டெல் செயலிகளில் வேகம் கூட்டுவதற்காகப் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும்படி அதை மாற்றினர். 2010 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 14-இல் அடோபி ஃபிளாஷ் மூலம் கேட்ட பாட்டெல்லாம் கரகரத்தது. குற்றம் ஃபிளாஷுடையது, நிபந்தனையை மீறியது அதுதான் என்றனர் ஒரு சாரார். பாட்டுக் கேட்பவருக்கு நிபந்தனையைப் பற்றி என்ன கவலை, நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றார் டார்வால்ட்ஸ். மாற்றுத் துணைநிரல் ஒன்றையும் தாமே எழுதித் தந்தார். என் தனிக்கருத்து டார்வால்ட்ஸின் பக்கம்தான். 2011-இல் வந்த நூலகப் பதிப்பு 2.14 இரண்டு மெம்காப்பிகளை ஏந்தி வந்தது. பழைய முத்திரை கேட்கும் நிரலுக்குப் பகுதிகள் படிந்தாலும் கெடாத மெம்காப்பி, புதிய முத்திரை கேட்கும் நிரலுக்கு வேகமானது. வழக்கு இருசாராருக்கும் தோல்வியின்றி முடிந்தது.

பகிர்வதிலும் ஒட்டிக்கொள்வதிலும் உள்ள ஆபத்துகளை வேறு இரண்டு நிகழ்ச்சிகள் காட்டின. தரவைச் சுருக்கும் இஸட்லிப் என்னும் நூலகத்தில் 2002-இல் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. பகிர்வு நூலகமாகப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரு கோப்பை மாற்றியதோடு வேலை முடிந்தது. ஆனால் அதைப் படியெடுத்துத் தம்முள் ஒட்டிவைத்திருந்த நிரல்கள் எத்தனையோ! லினக்ஸின் கருவிலேயே ஒரு படி இருந்தது. எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடித்தேடித் திருத்த வேண்டியதாயிற்று. நோட்டில் ஒட்டிய மடக்கைப் பக்கங்களின் கதைதான்.

2024 மார்ச்சில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. எக்ஸ்இஸட் என்னும் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், இரண்டாண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை ஈட்டிய ஒரு பங்களிப்பாளர் திருட்டு வழி ஒன்றை மறைத்து வைத்திருந்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கு இந்நூலகம் தேவையே இல்லை. சில லினக்ஸ் வெளியீடுகள் அச்சேவையோடு இணைத்த மற்றொரு நூலகம், தன் தேவைப் பட்டியலில் இதை வைத்திருந்தது. தேவையின் தேவையாக அது உள்ளே வந்தது. செயலிக்கு ஏற்ற வேகமான துணைநிரலைத் தேர்ந்துகொள்ள ஏற்றி தரும் வாய்ப்பைப் பயன்படுத்தி, நுழைவுச் சோதனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பெயர் சரியாக இருந்தது, எண்ணும் சரியாக இருந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, அது ஏன் என்று விடாமல் துருவினார். அளவுகோலின் கடைசிக் கோட்டைக்கூடப் பொருட்படுத்த வேண்டுமென்று நாங்கள் செய்முறை வகுப்பில் மன்றாடுவதை இவர் யாரிடமோ நன்றாகக் கற்றிருக்கிறார்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோம். ஃபார்ட்ரான் நூலகம் 3-லிருந்து 5 ஆனதற்கு மெய்யான காரணம் இருந்தது. எழுத்துத் தொடர் ஒன்றைத் துணைநிரலுக்குக் கொடுக்கும்போது அதன் நீளமும் மறைவாகக் கூடவே செல்லும். அந்த நீளத்தைப் பழையதில் 4 பைட்டில் எழுதினர். 2018-இல் வந்த புதியதில், 64 பிட் எந்திரங்களில், 8 பைட்டில் எழுதுகின்றனர். பெயரை மாற்றிவைத்து ஏமாற்றியபோது முத்திரை குறுக்கே நிற்காதிருந்தால் நிரல் இடையில் முறிந்திருக்கலாம். முறியாமல் ஓடி ஏதோ எண்களைக் கொட்டியும் இருக்கலாம். அந்த எண்கள் சிதறல் வரைபடமாகித் திட்டக் கட்டுரையில் ஏறியிருக்கும்.

துறையின் மூலையில் தூசு படிந்து கிடந்த பழைய கணிப்பொறியில் 3 என்று முடியும் கோப்பு இருந்தது. அதை எடுத்துத் தனிக் கோப்பகம் ஒன்றில் வைத்து, எல்டி-லைப்ரரி-பாத் மாறியில் அதைக் குறித்தோம். அந்தப் பழைய நூலகத்துக்கும் அடிப்படை நூலகம் தேவை. அது கேட்ட பழைய முத்திரைகள் எல்லாம் இன்றைய 6-இல் அப்படியே இருந்தன. நிரல் இயங்கியது. பழைய கட்டுரையின் அட்டவணையோடு ஒப்பிட்டோம். நான்காம் தசம இடம்வரை எண்கள் பொருந்தின.

சில நாள் கழித்து அம்மாணவியின் செய்முறைப் பதிவேட்டில் கையொப்பமிடும்போது பார்த்தேன். 'தேவையான கருவிகள்' என்ற தலைப்பின்கீழ், கணிப்பொறிக்கு அடுத்த வரியில், லிப்ஜிஃபார்ட்ரான்.எஸ்ஓ.3 என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.